சாவியார் மாட்டிய திரை

“உயிரே போனாலும் சரி, வண்டிச் சாவி என் இடுப்பை விட்டுப் போகாது!” என்று பாதி முகத்தில் சோப்பு நுரையோடு சாவியார் சபதம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்தது குளியலறைக் கண்ணாடி மட்டும்தான். ஆனாலும் சபதம் சபதம்தானே?

சாவியார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவர் பூட்டுத் தொழிற்சாலையில் பரிசோதகர். நாளொன்றுக்கு இருநூறு பூட்டுகளைத் திறந்து மூடிப் பார்ப்பார். தேறியதற்கு ஒரு முத்திரை, தேறாததற்கு ஒரு முறைப்பு. இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து குலுங்கும். அவர் தெருமுனையில் வரும்போதே வீட்டில் பிள்ளைகள் பாடப் புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள்.

வீட்டில் அவர் பேச்சு எடுபடாது. என்ன சமையல், எந்தப் பள்ளிக்கூடம், சுவருக்கு என்ன நிறம், எல்லாம் மேலிடத்து முடிவு. மேலிடம் என்றால் மனைவி. ஆனால் வாசலில் நிற்கும் அந்தப் பழைய வேன் மட்டும் அவருடைய ராஜ்யம். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் மனிதருக்கு மார்பு இரண்டு அங்குலம் விரியும்.

அந்த ராஜ்யத்துக்குத்தான் ஆபத்து வந்துவிட்டது. போன மாதம் மனைவி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அதுவும் முதல் தடவையிலேயே. சாவியார் மூன்றாவது தடவையில் வாங்கியவர். இந்த விஷயம் அவருக்கும் லைசென்ஸ் கொடுத்த அதிகாரிக்கும் மட்டுமே தெரியும்.

“ஏங்க, அக்கா வீட்டுக்கு இந்தத் தடவை நான் ஓட்டட்டுமா?”

“ஓட்டலாமே. முதல்ல வண்டி உன்கிட்டப் பழகட்டும்.”

“பதினோரு வருஷமா இதே வண்டியிலதானே வர்றேன்?”

“பக்கத்துல உட்கார்றது வேற. அதெல்லாம் வண்டிக்குக் கணக்கில்லை.”

“சரிங்க.”

இந்த ‘சரிங்க’வைக் கண்டால்தான் சாவியாருக்குக் கிலி. அந்த அம்மாளுக்கு ஒரு பெரிய கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. நாள் முழுக்கத் தொலைபேசியில் ஊரே கத்தும். “சரிங்க, புரியுதுங்க” என்பாள். கடைசியில் கத்தியவர்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைப்பார்.

லைசென்ஸ் வந்ததிலிருந்து அவள் பக்கத்து இருக்கையில் சும்மா உட்காருவதில்லை. காலடியில் இல்லாத பிரேக்கை அழுத்துவாள். “லாரி வருது” என்பாள். லாரி வரும். “பள்ளம்” என்பாள். பள்ளத்தில் இறங்கிய பிறகு சாவியாருக்கும் அது தெரியும். இப்படியே போனால் இன்னும் ஒரு மாதத்தில் சாவி கைமாறிவிடும் என்று அவருக்கு உறைத்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வேனின் கூரையில் ஒரு திரை! பின் இருக்கைக்காரர்கள் அண்ணாந்து படம் பார்க்கலாம். மனைவியைப் பின்னால் அனுப்பிவிட்டால் முன்னால் அவர் ஒருத்தர்தான். பிரேக்கும் ஒன்றுதான்.

“உனக்காகத்தான்மா” என்று குரலில் தேன் தடவினார். “பாவம், நாள் பூரா அடுத்தவங்க திட்டைக் கேக்கறே. ஹாயா பின்னாடி உட்கார்ந்து படம் பாரு.”

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். “சரிங்க” என்றாள்.

அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். மனிதருக்கு வெற்றி மயக்கம்.

மெக்கானிக் வந்து, கூரைத் துணியைக் கிழித்து, கம்பியை இழுத்து, மடக்கி விரிக்கிற மாதிரி ஒரு திரையை முடுக்கினான். சாவியார் கிட்டேயே நின்று மேற்பார்வை பார்த்தார். இரண்டு முறை தலையில் இடித்துக்கொண்டார்.

“சார், திரை பின்பக்கம் பார்த்துத்தான் இருக்கும். ஓட்டுறவருக்கு ஒண்ணும் தெரியாது.”

“ஓட்டுறவன் எதுக்குய்யா பார்க்கணும்? நான் ரோட்டைப் பார்க்கப் பிறந்தவன்!”

“படம் எதுவும் ஏத்தணுமா சார்?”

“அதெல்லாம் வீட்டம்மா இஷ்டம்” என்று தாராளமாகக் கையை வீசினார்.

அடுத்த விடுமுறை நாளில் குடும்பம் அக்கா வீட்டுக்குக் கிளம்பியது. மூன்று மணி நேரப் பயணம். மனைவி மறுபேச்சில்லாமல் பின்னால் ஏறிக்கொண்டாள். ஒரு பக்கம் மகள், மறுபக்கம் மகன். சாவியார் கண்ணாடியைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, வண்டியை எடுத்தார். பத்து நிமிஷம் சொர்க்கம். லாரி வந்தது, யாரும் சொல்லவில்லை. பள்ளம் வந்தது, தாராளமாக இறங்கி ஏறினார்.

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. திரையில் யாரோ பேசினார்கள்.

“ஐயா, அறை உள்பக்கமாப் பூட்டியிருக்கு. சாவியும் உள்ளேதான் இருக்கு. ஆள் செத்துக் கிடக்காரு. அறைக்குள்ள போக வேற வழியே இல்லை!”

சாவியாரின் காது விறைத்தது.

“என்ன பூட்டு அது?” என்றார்.

“ரோட்டைப் பாருங்க” என்றாள் மனைவி.

“பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். தொங்கு பூட்டா, கதவோட சேர்ந்த பூட்டா?”

“கதவோட சேர்ந்ததுப்பா” என்றான் மகன்.

“சாவித் துவாரத்துல கீறல் இருக்கா பாரு!”

“இப்ப அதைத்தாம்ப்பா பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கறாங்க!”

“இருக்கா, இல்லையா?”

கண்ணாடியில் பார்த்தார். திரையின் முதுகுதான் தெரிந்தது. அதற்குக் கீழே மூன்று முகங்கள், மூன்று திறந்த வாய்கள். மகள் “ஐயோ!” என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன ஐயோ? எதுக்கு ஐயோ?”

“சொன்னா சுவாரசியம் போயிடும்ப்பா.”

இருபத்திரண்டு வருஷம் பூட்டோடு வாழ்ந்தவர். பூட்டிய அறைக்குள் ஒருத்தன் செத்துக் கிடக்கிறான். அதைப் பார்க்கக் கொடுத்து வைக்காமல் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு போவதா? வசனம் கேட்கட்டும் என்று வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். ஒரு சைக்கிள்காரர் மணியடித்து வழி வாங்கி, வேனைத் தாண்டிப் போனார்.

கடைசியில் ஒரு மரநிழலில் வண்டியை நிறுத்திவிட்டார்.

“எஞ்சின் சூடாயிருக்கு. கொஞ்சம் ஆறட்டும்.” சாவியை உருவி இடுப்பில் மாட்டிக்கொண்டு, எஞ்சினைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நேரே பின்கதவைத் திறந்தார். “கொஞ்சம் நகர்ந்து உட்காரு.”

மனைவி நகரவில்லை. இறங்கியே விட்டாள்.

திரையில் துப்பறிவாளர் பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். “அட முட்டாளே, இடப்பக்கத் திருகை விட்டுட்டியே!” என்று சாவியார் இரைந்தார். மகனைத் தள்ளி நடு இடத்தைப் பிடித்தார்.

“ஏங்க, சாவி?” என்று வெளியிலிருந்து ஒரு கை நீண்டது. “எஞ்சின் ஆறிடுச்சான்னு பார்க்கறேன்.”

கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், இடுப்புக் கொக்கியைக் கழற்றிக் கொத்தாகக் கொடுத்தார் சாவியார்.

வண்டி நகர்ந்தது. வளைந்தது. ஒரு பள்ளத்தை அழகாக ஒதுக்கிவிட்டுப் போனது. அந்தப் பாகம் முடிந்து எழுத்து ஓடும்போதுதான் அவருக்கு உணர்வு வந்தது.

“ஏய்! யாரு வண்டியை எடுத்தது?”

“நான்தாங்க. ஓரம் கட்டட்டுமா? நீங்க வந்து ஓட்டுங்க. இவங்க ரெண்டாம் பாகம் பார்க்கட்டும்.”

“ரெண்டாம் பாகமா?” சாவியார் முன்னால் குனிந்தார். “மொத்தம் எத்தனை?”

“எட்டுங்க.”

சாவியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். விட்டுக்கொடுக்கிற பரம்பரையா அது? “இதோ பாரு, நான் ஒண்ணும் பயந்து உட்காரலை. என் வண்டி, என் சாவி. நினைச்சா இந்த நிமிஷமே முன்னாடி வந்துடுவேன். தெரியுதா?”

“தெரியுதுங்க. வாங்க.”

“வருவேன். ஆனா நீ கூப்பிட்டதுக்காக வரமாட்டேன். எனக்கா தோணணும்!”

தோன்றவில்லை. இரண்டாம் பாகம் ஓடியது. மூன்றாம் பாகத்தில் இன்னொரு அறை பூட்டப்பட்டது. சமையற்காரன் மேல் சாவியாருக்குச் சந்தேகம் விழுந்தது.

“அம்மா, அந்த சமையற்காரனா?” என்று கேட்டான் மகன்.

“வாயை மூடுடா. அவளுக்கு எப்படித் தெரியும்?” என்றார் சாவியார்.

“அம்மா எட்டுப் பாகத்தையும் போன வாரமே பார்த்துட்டாங்கப்பா. முதல்ல சமையல் படம்தான் ஏத்தறதா இருந்தாங்க. அப்புறம், ‘பூட்டு வர்ற கதையா ஒண்ணு குடுங்க’ன்னு மெக்கானிக் மாமாகிட்டக் கேட்டு வாங்கினாங்க.”

சாவியாருக்குச் சுரீரென்றது. திட்டம் முழுவதும் ஒரே நொடியில் விளங்கியது. கோபம் உச்சிக்கு ஏறியது. வண்டியை நிறுத்தச் சொல்லி, சாவியைப் பிடுங்கி, இந்தச் சதிக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று எழுந்தார். தலை கூரையில் இடித்தது. அதையும் பொருட்படுத்தவில்லை.

அந்த நேரம் பார்த்துத் துப்பறிவாளர் எல்லாரையும் கூடத்துக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். வேனும் அக்கா வீட்டு வாசலுக்கு வந்து வேகம் குறைந்தது. அக்காவும் அவள் கணவரும் வாசலில் நின்று கையசைத்தார்கள்.

“நிறுத்தாதே!” என்று அலறினார் சாவியார். “நான் சொல்றேன், நிறுத்தாதே! இன்னொரு ரவுண்டு போ!”

கல்யாணமான பதினேழு வருஷத்தில் அவர் போட்ட உத்தரவு ஒன்று மறுபேச்சில்லாமல் நிறைவேறியது அன்றைக்குத்தான்.