அக்கா நிச்சயத்துக்கு நான் பார்த்த மேகம்

அரைகுறையாகப் படித்தவர் கையில் அரிவாளைக்கூடக் கொடுக்கலாம். செயற்கைக்கோள் படத்தை மட்டும் கொடுக்கக் கூடாது. அரிவாளால் ஒரு ஆளைத்தான் துரத்த முடியும். நான் என் செல்போனை வைத்துக்கொண்டு இரண்டு குடும்பங்களைத் துரத்தினேன்.

அப்போது நான் புவியியல் முதுகலை சேர்ந்த புதிது. செயற்கைக்கோள் படத்தில் மேகங்களை அடையாளம் காணும் பாடத்துக்கு முதல் வகுப்பு போனேன். இரண்டாவது வகுப்பன்று காய்ச்சல். (விஷயமெல்லாம் அந்த வகுப்பில்தான் இருந்திருக்கிறது!) வெள்ளை என்றால் மேகம், கறுப்பு என்றால் வெறும் வானம். இவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு காரிமங்கலத்தில் எங்கள் வீட்டில் மிளகாய் காயப்போடுவதற்குக்கூட என் அனுமதி தேவைப்பட்டது.

மே மாதத்தில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். வீட்டை ஒட்டிய மாந்தோப்பில் பந்தல் போட்டாயிற்று. அன்று காலை செல்போனைத் திறந்தால், ஓசூரிலிருந்து அரூர் வரை ஒரே வெள்ளை.

"அப்பா, பெரிய மழை வருது. பந்தல் தாங்காது."

அப்பா அண்ணாந்து பார்த்தார். "வானம் பளிச்சுனு கெடக்குதே பாப்பா?"

"நாம கீழருந்து பாக்கறோம்பா. அது மேலருந்து பாக்குது."

அப்பா வேறு இடம் தேட ஆரம்பித்தார். பக்கத்தில் மாமாவின் கோழிப்பண்ணை இருந்தது. "கோழியெல்லாம் போன வாரமே ஏத்தி அனுப்பிட்டேன். கொட்டாய் காலிதான்" என்றார் மாமா. நாற்காலி, சீர்த்தட்டு, பட்டுப்புடவைக்காரர்கள் எல்லாரும் தகரக் கொட்டகைக்குள் போனோம். காலி என்றால் கோழிகள்தான் காலி. அவற்றின் இறகும் மணமும் குடியிருந்தன.

அரூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வழியும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நிச்சயம் எங்கங்க?"

"கோழிப்பண்ணையிலங்க. மழைக்காக" என்றார் அப்பா.

அவர் சூரியனைப் பார்த்தார். "எந்த மழைங்க?"

உள்ளே வெக்கை தாங்கவில்லை. பெரிய மின்விசிறிகளைப் போடச் சொன்னேன். (அதுவும் நான்தான்!) பண்ணையிலிருந்த அத்தனை இறகும் கிளம்பிச் சபையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மாப்பிள்ளைக்குத் தும்மல் ஆரம்பித்தது.

மாப்பிள்ளையின் அத்தை சகுனம் பார்ப்பவர். "ஒத்தத் தும்மல் ஆகாதுங்க. ரெட்டையா வந்தா தோஷமில்ல" என்று அறிவித்துவிட்டார். அப்புறம் பத்திரிகை வாசித்ததை யார் கேட்டார்கள்? மாப்பிள்ளை ஒருமுறை தும்முவார். சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த தும்மலுக்குக் காத்திருக்கும். அது வந்ததும், "அப்பாடா!"

மோதிரம் போடும் நேரத்தில் ஒரு தும்மல் வந்தது. ஜோடித் தும்மல் வரவில்லை. மாப்பிள்ளை மூக்கைச் சுருக்கினார், விரித்தார், சூரிய வெளிச்சத்தைப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அத்தை எழுந்துவிட்டார். "எனக்கு மனசு ஒப்பலைங்க. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

அம்மாவின் கண்ணில் நீர் முட்டியது. அப்போதுதான், அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்த அக்கா, தன் தாம்பாளத்தில் விழுந்து கிடந்த இறகு ஒன்றை எடுத்து மாப்பிள்ளையின் மூக்குக்குள் விட்டு ஒரு திருகு திருகினாள்.

வந்த தும்மலில் விளக்கே அணைந்தது. அத்தை திருப்தியாக உட்கார்ந்தார். மோதிரம் ஏறியது.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். பந்தி போடும் முன் மறுபடியும் செல்போனைப் பார்த்தேன். படத்தில் மாவட்டமே கறுப்பு. "இப்பத் துளி மேகம் இல்லீங்க! சாப்பாட்டத் தோப்புலயே வெச்சுக்கலாம்!" என்று கூவினேன். விட்டால் போதும் என்று எல்லாரும் வெளியே ஓடினார்கள்.

நான் பார்த்தது எப்போதோ எடுத்த பழைய படம். அதற்குப் பிறகு பிறந்து வளர்ந்த கருமேகம் ஒன்று எங்கள் பின்னாலேயே நின்றிருந்தது. இரண்டாவது வாய் எடுப்பதற்குள் ஆலங்கட்டி மழை. இலைகள் பறந்தன, சாம்பார் ரசமாகி ரசம் தண்ணீரானது. தலைமையாசிரியரின் பாயசத்தில் பனிக்கட்டிகள் வந்து விழுந்தன. டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு எங்களோடு ஓடிவந்து கொட்டகைக்குள் நின்றவர், சுற்றிலும் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "மழைக்கு ஒதுங்க நல்ல எடந்தாங்க."

(காலையில் பார்த்த வெள்ளை, மிக உயரத்தில் இருக்கும் மெல்லிய மேகமாம். அதிலிருந்து ஒரு சொட்டுகூட விழாதாம். கல்லூரிக்குத் திரும்பிப் போனதும் வாத்தியார் விளக்கினார்.)

அக்காவும் மாப்பிள்ளையும் சந்தோஷமாக இருக்கிறார்கள். இன்றும் அவர் ஒருமுறை தும்மினால், அக்கா சமையலறையிலிருந்து "இன்னொண்ணு?" என்று குரல் கொடுப்பாள். பாதிக்கப்பட்டது நான்தான். இப்போது எனக்கு வரன் பார்க்கிறார்கள். கதை மாவட்டம் முழுக்கப் பரவியிருப்பதால், வருகிறவர்களிடம் அப்பா என் படிப்பையும் வேலையையும் சொல்லிவிட்டு, குடியை விட்ட பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தி ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார்:

"இப்பல்லாம் மேகம் பாக்கறதில்லைங்க."