தொடாத சுருள்கள்

தேத்தண்ணிக் கோப்பையோடு அறை வாசலுக்கு வந்த சுகிர்தன் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே அவனுடைய மனைவி பிரசாந்தினி, மேசையில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் இடக்கையின் மூன்று விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். போன் திரையிலும் ஒரு கை மூன்று விரல்களை விரித்திருந்தது. அது ஓர் ஆம்பிளையின் கை.

“உங்கட கட்டைவிரல் மேல நிக்குது. என்ர ஏன் கீழ போகுது?” என்று அவள் கேட்டாள்.

“கையைக் கொஞ்சம் திருப்புங்கோ பிரசாந்தினி. இன்னும் கொஞ்சம். ஆ, இப்ப சரி” என்றது போன்.

பிரசாந்தினி சிரித்தாள். கலியாணம் முடிச்ச புதிதில் அவள் சிரித்த சிரிப்பு அது. இடையில் எங்கே போயிருந்தது என்று சுகிர்தனுக்குத் தெரியாது. தேத்தண்ணியைத் திரும்பக் குசினிக்குக் கொண்டுபோய்த் தானே குடித்தான்.

பிரசாந்தினிக்குத் துறைமுகத்தில் மின்பிரிவில் வரைபடம் கீறுகிற வேலை. தனக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் பட்டத்தைக் காட்டிப் பொறியியலாளராகித் தனக்கே கட்டளை போடுவதைப் பொறுக்கமாட்டாமல், பகுதிநேரப் பொறியியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தாள். சேரச் சொல்லிப் பிடித்துத் தள்ளியதே சுகிர்தன்தான். எல்லாப் பாடமும் ஓடியது. ‘மின்பொறிகளும் மின்காந்தப் புலமும்’ என்ற ஒன்று மட்டும் போன முறை அவளை விழுத்திவிட்டது. இந்த முறையும் விழுந்தால் படிப்பு அதோடு முடிந்தது.

அந்தப் பாடத்தில் கெட்டிக்காரன் அவளோடு படிக்கும் தனஞ்சயன். ஐஸ் தொழிற்சாலையில் மோட்டர்களைப் பார்க்கிறவன். அவன்தான் போனில் விரல் காட்டியது. காந்தப் புலம் எந்தப் பக்கம், மின்னோட்டம் எந்தப் பக்கம், கம்பி எந்தப் பக்கம் பாயும் என்பதை மூன்று விரலில் கண்டுபிடிக்கும் இடக்கை விதியாம். விளக்கம் சரிதான். ஆனால் அவளை வாய் நிறையப் ‘பிரசாந்தினி’ என்கிறானே, ‘அக்கா’ என்றால் என்ன குறைந்துபோகும் என்பதற்கு அந்த விதியில் பதில் இல்லை.

இரண்டு நாள் கழித்து நிலைமை இன்னும் மோசமானது. உடுப்பு மடிக்கிற சாட்டில் அறைக்கு வெளியே நின்ற சுகிர்தனின் காதில் தனஞ்சயனின் குரல் தெளிவாக விழுந்தது.

“ரெண்டும் ஒண்டையொண்டு தொடவே இல்லை. ஆனா இதில ஒரு சின்ன மாற்றம் வந்தா, அது அங்க போய்ச் சேருது. அதுதான் இதின்ர அழகு.”

“விளங்குது” என்றாள் பிரசாந்தினி, மெல்லிய குரலில்.

அவர்கள் கதைத்தது ட்ரான்ஸ்போமரின் இரண்டு கம்பிச் சுருள்களைப் பற்றி. இது சுகிர்தனுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அவன் ஒரே சட்டையை நாலு தரம் மடித்திருந்தான்.

நிறுத்து என்று சொல்ல ஏலாது. அவள் விழுந்தால் பழி அவன் தலையில். யோசித்து யோசித்து, கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருப்பவனைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவருவதே பாதுகாப்பு என்று முடிவெடுத்தான். சுகிர்தனுக்குப் பிரதான வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. எதையும் கிட்டக் கொண்டுவந்து பார்ப்பது அவன் தொழில். ஞாயிற்றுக்கிழமை பகல் வீட்டிலேயே வந்து படியுங்கோ என்று தனஞ்சயனுக்குச் சொல்லியனுப்பினான்.

வந்தவன் சுகிர்தனைவிட அரை அடி உயரம். சுகிர்தன் வைத்த பாரை மீன் குழம்பை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டு, இப்படி ஒரு குழம்பைத் தான் திருகோணமலையில் எங்கேயும் தின்னவில்லை என்றான். அது வேறு எரிச்சல். சாப்பாடு முடிந்து இருவரும் புத்தகத்தை விரிக்க, சுகிர்தன் நடுவில் ஒரு கதிரையைப் போட்டுப் பேப்பரோடு உட்கார்ந்தான்.

சும்மா இருப்பவனைக் கண்டால் பிரசாந்தினிக்குப் பொறுக்காது. “கையை நீட்டுங்கோ. நீங்கள்தான் காந்தப் புலம்” என்றாள். தனஞ்சயன் மின்னோட்டமாக நின்றான். அவள் கம்பி. விதிப்படி கணக்குப் பார்த்ததில், கம்பி தனஞ்சயன் நின்ற யன்னல் பக்கம்தான் போகவேண்டியிருந்தது. போனாள். சுகிர்தன் மெதுவாகக் கையை எதிர்ப்பக்கம் திருப்பினான்.

“அண்ணை, புலம் இடையில திசை மாறினால் அவ திரும்பி ஓடி வரவேணும்” என்றான் தனஞ்சயன்.

“வரட்டும்” என்றான் சுகிர்தன்.

வரவில்லை. கையை முன்பிருந்த மாதிரியே பிடிக்கச் சொன்னாள்.

அன்றைக்கே சுகிர்தன் அடுத்த முடிவுக்கு வந்தான். அவளுக்கு இந்தப் பாடத்தைத் தானே சொல்லிக்கொடுத்துவிட்டால் வேறொருவன் எதற்கு? கடையில் இருந்துகொண்டே காணொளிப் பாடங்களைப் பார்க்கத் தொடங்கினான். கண் பார்க்க வந்த ஆமினா உம்மா பலகையில் இருந்த எழுத்துகளை மேலிருந்து கீழே வாசித்து, பிறகு கீழிருந்து மேலே வாசித்து, கடைசியில் தனக்குப் பார்வை நல்லாத்தான் இருக்குப் போல என்று எழும்பிப் போய்விட்டார். சுகிர்தன் அப்போது சுழல் காந்தப் புலத்தில் இருந்தான்.

பிறகு கண்ணால் கண்டு படிப்பதுதான் படிப்பு என்று நினைத்து, வீட்டுக் கிணற்றடித் தண்ணி மோட்டரைக் கழற்றினான். அதற்குள் இருந்த சுருள்களைப் பிரசாந்தினிக்குக் காட்டி விளக்கினான். அவளும் தலையாட்டினாள். அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. திரும்பப் பூட்டி சுவிச்சைப் போட்டான். மோட்டர் முன்னையைவிட அழகாக ஓடியது. தொட்டியில் மட்டும் தண்ணி ஏறவில்லை.

அது தெரிய வந்தபோது பிரசாந்தினி தலை நிறைய ஷாம்பு நுரையோடு குளியலறையில் நின்றாள். அங்கிருந்தபடியே போன் எடுத்தது தனஞ்சயனுக்கு. அவன் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து, மூடியைத் திறந்து பார்த்தான்.

“துணைச் சுருளின்ர ரெண்டு வயரையும் மாத்திக் கொழுவிப்போட்டீங்கள் அண்ணை. மோட்டர் பின்பக்கமாச் சுத்துது.”

இரண்டு வயர்களை மாற்றினான். தண்ணி ஏறியது. எவ்வளவு லேசாகச் செய்துபோட்டான் பாருங்கோ என்று பிரசாந்தினி குளியலறைக்குள் இருந்தே பாராட்டியது அயல் வீடு வரைக்கும் கேட்டது.

சுகிர்தனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் படுக்கையில் ஒரு யோசனை வந்தது. ஒரு மனிசன் ஒரே நேரத்தில் ஒருவரோடுதான் போனில் கதைக்கலாம். தனஞ்சயன் தன்னோடு கதைத்துக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க அவளோடு கதைக்க ஏலாது.

மறுநாள் பிரசாந்தினியிடம் பக்குவமாகச் சொன்னான். நீர் வேலைக்குப் போய்க் களைச்சு வாறீர். உம்முடைய கேள்விகளைத் தாரும், நான் தனஞ்சயனிடம் கேட்டு விளங்கி வைக்கிறன், பின்னேரம் வந்ததும் சொல்லித் தாறன். அவள் அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

அன்றிலிருந்து சுகிர்தன் தனஞ்சயனுக்குப் போனில் கோல் எடுத்தான். அவள் கொடுத்த கேள்விகள் சீக்கிரம் முடிந்துவிட்டன. ஆளைப் போனிலேயே பிடித்து வைத்திருக்கப் புதுக் கேள்வி வேண்டும், புதுக் கேள்விக்குப் படிக்கவேண்டும். படித்தான். தூண்டல் மோட்டரின் சுழலி ஏன் தன்னைச் சுற்றி ஓடும் காந்தப் புலத்தை எட்டிப் பிடிப்பதே இல்லை என்பதை ஒரு பகல் முழுக்கக் கேட்டான். எட்டிப் பிடித்தால் இழுவை இல்லாமல் போய்விடும் அண்ணை, பின்னால் ஓடுகிறவரைக்கும்தான் அதுக்குப் பலம் என்று தனஞ்சயன் விளக்கியபோது, சுகிர்தனுக்கு என்னவோ தன்னைப் பற்றிச் சொல்வது போல இருந்தது.

சனிக்கிழமைகளில் தனஞ்சயன் வீட்டுப் பக்கம் வந்துவிடாதபடி அவனே முந்திக்கொண்டு ஆளைக் கூட்டிப்போனான். மூதூர்ப் படகு நிற்கும் இறங்குதுறையில் இருந்துகொண்டு, தூரத்தில் பாரந்தூக்கி கொள்கலனை இறக்குவதைப் பார்த்து, அதற்குள் ஓடும் மோட்டரைப் பற்றிக் கதைத்தார்கள். பிரசாந்தினி வீட்டில் தனியே இருந்து படித்தாள். ஒருநாள் அவள் தனஞ்சயனுக்குக் கோல் எடுக்க, அவன் இன்னொரு அழைப்பில் இருப்பதாகப் போன் சொன்னது. முற்றத்தில் போனோடு உலாவிய சுகிர்தன் அதைக் கண்டு மனதுக்குள் துள்ளினான்.

பரீட்சை வந்தது. முடிந்தது. பெறுபேறு வர நாளாகும் என்றார்கள். அதுவரை அவளுக்குக் கதைக்கச் சாட்டு இருக்கிறதே என்று சுகிர்தன் காவலைத் தளர்த்தவில்லை. ஒரு பின்னேரம் பெறுபேறு வந்தது. நல்ல புள்ளியோடு சித்தியடைந்திருந்தாள். பிரசாந்தினி போனைக் கையில் பிடித்தபடி அழுதாள், சிரித்தாள், பிறகு தனஞ்சயனுக்குச் சொல்லவேணும் என்றாள். அவள் இலக்கத்தைத் தேடும் முன்னமே சுகிர்தன் முற்றத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். இனி இந்த ஆளால் ஒரு தேவையும் இல்லை என்று நினைத்தபோது அவனுக்குக் கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது. அது ஏன் என்று அவன் யோசிக்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் வாசல் கேற் ஆடுகிற சத்தம் கேட்டது. ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று வழமைபோலக் குரோட்டன் செடியைத் தின்ன வந்திருக்கிறது என்று நினைத்துத் தடியோடு போனான். வெளியே ஒரு பெண் நின்றாள். அழுது வீங்கிய கண்கள். தான் தனஞ்சயனின் மனைவி தர்சிகா என்றாள்.

தான் சந்தேகப்பட்டது சரிதான் என்பதில் சுகிர்தனுக்கு ஒரு கொடூரமான நிம்மதி. அவளை உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருத்தி, பிரசாந்தினியையும் கூப்பிட்டு, எது எண்டாலும் ரெண்டு பேருக்கும் முன்னால சொல்லுங்கோ தங்கச்சி என்றான். பிரசாந்தினி வைத்த தேத்தண்ணியைத் தர்சிகா தொடவில்லை.

பரீட்சைக்காகத்தான் என்று இவ்வளவு நாளும் பல்லைக் கடித்துப் பொறுத்தாளாம். காலமை தன் மனுசன் கண் முழிக்க முதலே போன் அடிக்கும், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அடிக்கும். கோயிலுக்கு வெளிக்கிட்டுச் செருப்போடு வாசலில் அவள் காத்து நிற்க, அவர் உள்ளே சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருப்பார். தன்னோடு அவர் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலம் என்றாள். பரீட்சை முடிந்தும் அது நிற்கவில்லை.

“எல்லாம் இந்த வீட்டில இருந்துதான்” என்றாள்.

சுகிர்தன் மெல்ல எழும்பி மனைவியின் பக்கம் திரும்பினான். “கேட்டீரோ?” என்றான்.

பிரசாந்தினி பதறி எழும்பினாள். “தர்சிகா, கடவுளாணை நான் அவரோட…”

தர்சிகா மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள்.

“உங்களில எனக்கு ஒரு கோபமும் இல்லை அக்கா. உங்கட மனுசனைத்தான் என்ர மனுசனை விட்டிடச் சொல்லுங்கோ.”