மூன்றாவது ஒயர்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தரை மணிக்கு நம்மாள் காரின் பானெட்டைத் தூக்கினார். ஆயுசில் முதல் தடவையாக, யாரும் சொல்லாமல், தானாகவே. ரிப்பேர் பார்க்க அல்ல. ரிப்பேர் ஆக்க.

நம்மாளுக்குத் தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற வேலை. இருபத்தைந்து வருஷமாகக் கடிதங்களைச் சுண்டிச் சுண்டிப் பெட்டிகளில் போட்டதில் தன் விரலுக்கு ஒரு தனி வேகம் வந்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. அந்த நினைப்பில்தான் காரம் போர்டு முன்னால் போய் உட்கார்ந்தார். காலனியில் அவருக்கு 'ஸ்ட்ரைக்கர்' என்று பட்டப்பெயர் உண்டு. வைத்தது அவரேதான்.

பதினோரு வருஷமாகக் காலனிப் போட்டியில் முதல் சுற்றிலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தவர், இந்த வருஷம் ஃபைனலுக்குப் போய்விட்டார். முதல் எதிராளிக்குக் கண்வலி. இரண்டாமவருக்கு வெளியூருக்கு மாற்றல். அரையிறுதிக்கு வரவேண்டியவர் கதவிடுக்கில் விரலைக் கொடுத்துவிட்டார். இப்படி ஒரு காயைக்கூடத் தொடாமல் ஃபைனலுக்கு வந்த பெருமை உலகத்தில் வேறு யாருக்கும் இருக்காது. ஃபைனலில் எதிராளி பல் டாக்டர். ஞாயிறு காலை பதினோரு மணி, காலனி ஹால். பதினைந்து நிமிஷம் தாமதமானால் கோப்பை மற்றவருக்கு. அந்த விதியின் அருமை நம்மாளைவிட யாருக்குத் தெரியும்?

சிக்கல் என்னவென்றால், அதே ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மச்சான் வீட்டுக்குப் புறப்படுவதாக மூன்று வாரத்துக்கு முன்பே வீட்டம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு மணி நேரப் பயணம். மச்சான் மொட்டை மாடியில் புதிதாக ஓர் அறை கட்டியிருந்தார். அதில் ஒவ்வொரு செங்கல்லையும் தனித்தனியாக அறிமுகம் செய்து வைக்காமல் விடமாட்டார்.

சாக்குச் சொல்லலாம்தான். ஆனால் கையிருப்பு தீர்ந்துவிட்டது. முதல் தடவை வயிற்றுவலி. அடுத்த தடவை ஆபீசில் மேலதிகாரி வருகை. போன தடவை, கூட வேலை பார்க்கிற ஒருவர் காலமாகிவிட்டார். அப்படிக் காலமானவர் போன மாசம் வீட்டுக்கே வந்து, காபி குடித்து, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டுப் போனார். இனி மனுஷருக்கு வியாதி வந்தால் நம்புவதற்கு ஆளில்லை. வண்டிக்குத்தான் வரவேண்டும்.

எஞ்சினில் நாலு ஸ்பார்க் பிளக். நாலுக்கும் நாலு ஒயர். அதில் ஒன்றைக் கழற்றினால் வண்டி மூன்று காலில் நொண்டும் என்பது ஆபீஸ் டிரைவர் பேச்சுவாக்கில் சொன்ன தகவல். நம்மாள் மூன்றாவது ஒயரைப் பிடுங்கி, பார்வைக்கு மாட்டியிருப்பதுபோல் பட்டும் படாமல் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீர் குடித்தார். போர்வைக்குள் புகுந்து குறட்டை விட்டார். வெள்ளை ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் கறுப்பாக இரண்டு விரல் தடம் விழுந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வீட்டம்மா அதை ஈரத்துணியால் துடைத்தாள்.

வீட்டம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். நோயாளியின் வயிற்றைத் திறக்கும் முன் கத்தி, கத்தரி, பஞ்சு எல்லாவற்றையும் எண்ணுவாள். மூடும் முன் மறுபடி எண்ணுவாள். கணக்குச் சரி என்று அவள் சொன்னால்தான் பெரிய டாக்டரே தையல் ஊசியைத் தொடுவார். போன வருஷம் டிரைவிங் ஸ்கூலில் நடந்த இரண்டு நாள் வண்டிப் பராமரிப்பு வகுப்புக்குப் போய் ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்திருந்தாள். "இதெல்லாம் படிச்சு வர்ற விஷயமா?" என்று நம்மாள் அப்போது சிரித்தார். புது பிளக், ஏர் ஃபில்டர், எஞ்சின் ஆயில் எல்லாம் அவளே வாங்கி ஷெட் அலமாரியில் அடுக்கி எட்டு மாசம் ஆகிறது. "வண்டிய சர்வீஸ் பண்ணுங்க" என்று வாரத்துக்கு ஒரு தடவை அவள் சொல்வாள். "பாக்கலாம்" என்று வாரத்துக்கு ஒரு தடவை அவரும் சொல்வார்.

எட்டு மணிக்கே பெட்டியெல்லாம் காரில் ஏறியாயிற்று. நம்மாள் சீட்டில் உட்கார்ந்து சாவியில் கை வைத்தார்.

"இருங்க, இருங்க. ஷட்டரைத் தூக்கிட்டு, வண்டியை வெளிய தள்ளிட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. மூடின ஷெட்டுக்குள்ள எஞ்சின் ஓடினா அந்தப் புகை ஆளையே சாய்ச்சிடும்."

தள்ளினார்கள். சாவியைத் திருகினார். வண்டி, துணி பிழிகிற வாஷிங் மெஷின் மாதிரி குலுங்கியது. நம்மாள் முகத்தில் கவலையைக் கொண்டுவந்தார். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு நாள் பழகியது.

"என்னங்க, இப்படி நடுங்குது?"

"அதான் எனக்கும் புரியல. இதுல ரெண்டு மணி நேரம் போறதுன்னா, நடு வழியில நின்னுட்டா என்ன பண்றது?"

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

"ஞாயித்துக்கிழமைம்மா. கடை லீவு."

"ஓ. அப்ப சரி" என்று அவள் உள்ளே போனாள். சரி என்றாளே சரி. நம்மாள் மேல்பாக்கெட்டில் இருந்த காரம் ஸ்ட்ரைக்கரைச் செல்லமாகத் தடவிக்கொடுத்தார். கோப்பையை வீட்டு அலமாரியில் வைப்பதா, டிவி மேல் வைப்பதா என்பதுதான் பாக்கி.

வீட்டம்மா திரும்பி வந்தாள். பழைய சுடிதார். தலைமுடி மொத்தமும் ஆஸ்பத்திரித் தொப்பிக்குள். கையில் ரப்பர் கையுறை. கக்கத்தில் அந்த நோட்டு.

"மெக்கானிக் எதுக்கு? நாமளே பாத்துடலாம். எப்ப ஆரம்பிச்சுது?"

"என்னது?"

"நடுக்கம்."

"இப்பதான்."

"ஸ்டார்ட் பண்ண உடனேயா, சூடான பிறகா?"

"உடனே."

"நடுவுல யாராவது கை வச்சாங்களா?"

"யாரு வைப்பா?" நம்மாளின் குரல் கீச்சென்றது.

"சும்மா கேட்டேன். எல்லா நோயாளிகிட்டயும் கேக்கறதுதான்."

எஞ்சினை அணைத்தாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தாள். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "ஒருத்தர் கை உள்ள இருக்கறப்ப இன்னொருத்தர் ஸ்டார்ட் பண்ணிடக் கூடாது பாருங்க. வாட்சைக் கழட்டுங்க."

"வாட்ச் எதுக்கு?"

"பாட்டரில பட்டா தீப்பொறி பறக்கும். மோதிரத்தையும் கழட்டுங்க. போனைக் குடுங்க, குனியறப்ப உள்ள விழும். மேல்பாக்கெட்டுல வேற என்ன?"

நம்மாள் கையால் பாக்கெட்டைப் பொத்தினார். அவள் இரண்டு விரலால் எடுத்தாள். வழவழவென்று, வட்டமாக இருந்தது.

"என்ன இது?"

"பட்டன்."

"இவ்வளவு பெரிசா?"

"கோட்டு பட்டன்."

நம்மாள் ஜன்மத்தில் கோட்டு போட்டதில்லை. அவள் வாட்ச் ஒன்று, மோதிரம் ஒன்று, போன் ஒன்று, கோட்டு பட்டன் ஒன்று என்று நோட்டில் எழுதி, எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, தட்டை உள்ளே கொண்டுபோய்ப் பூட்டினாள்.

அதற்கப்புறம் நடந்ததை நம்மாள் இன்றைக்கும் யாரிடமும் சொல்வதில்லை. எஞ்சின் முழுக்க ஆறும்வரை சும்மா நிற்க வேண்டாமே என்று ஐந்து டயரிலும் காற்று பார்க்கச் சொன்னாள், டிக்கிக்குள் படுத்திருந்த ஸ்டெப்னி உட்பட. பழைய ஏர் ஃபில்டரை வெளியே எடுத்தபோது அது வீட்டு விளக்குமாறு நிறத்தில் இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் தொடப் போனவரின் கையில் நோட்டாலேயே ஒரு தட்டு தட்டினாள். "ஆறின பிறகு. இல்லன்னா கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிக்கும்."

"இவ்வளவும் எதுக்கும்மா? ஒரு நடுக்கத்துக்கு?"

"காய்ச்சல்னு வந்தா டாக்டர் நாக்கை மட்டுமா பாப்பாரு?"

கொஞ்ச நேரம் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று தோன்றியது அவருக்கு. "ஜாக்கி போட்டுத் தூக்கறேன். அடியில போய்ப் பாத்தாதான் தெரியும்."

"போகக் கூடாது. ஜாக்கி தூக்கறதுக்குத்தான். தாங்கறதுக்கு இல்ல."

ஆயில் அளவு பார்த்தார். குறைந்திருந்ததை ஊற்றினார். பாட்டரியின் மைனஸ் ஒயரை முதலில் கழற்றினார். அவர் பிளஸ்ஸில்தான் கை வைத்தார், அவள் இருமினாள், மைனஸுக்கு மாறினார். முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். பல் பிரஷ்ஷைப் பார்த்ததும் பல் டாக்டர் ஞாபகம் வந்தது.

"மணி என்னம்மா?"

"மணியா? எங்கயாவது போகணுமா?"

"உன் அண்ணன் காத்திருப்பாரேன்னு கேட்டேன்."

"அண்ணன்கிட்ட மதியச் சாப்பாட்டுக்கு வரோம்னு காலையிலயே சொல்லிட்டேன். பதறாம செய்யுங்க."

எதிர் வீட்டு ரேடியோ பத்தரை மணிச் செய்தி வாசித்தது. நம்மாளுக்கு அப்போதுதான் நிலைமை முழுசாக உறைத்தது. வண்டி சரியாகாதவரை இவள் விடப்போவதில்லை. வண்டி சரியானால் மச்சான் வீடு. ஆனால் நடுவில் ஒரு சந்து இருந்தது. சரியான வண்டியை ஒருத்தர் ஓட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? டெஸ்ட் டிரைவ் என்று சொல்லிவிட்டு நேராக ஹாலுக்குப் போய்விடலாம். ஸ்ட்ரைக்கர் இல்லாவிட்டால் என்ன, ஹாலில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். ஆடி ஜெயித்துக் கோப்பையோடு வந்து நின்றால், யார் என்ன சொல்ல முடியும்? தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

"ஏம்மா, பிளக்கைப் பாக்கலாமே."

"அதான் அடுத்தது."

"மூணாவதுலேர்ந்து ஆரம்பிக்கலாமா?"

"ஏன்? மூணாவதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. மூணு எனக்கு ராசியான நம்பர்."

"வரிசையா வருவோம். ஒரு ஒயரைக் கழட்டி, பிளக்கை மாத்தி, அதே ஒயரை மாட்டின பிறகுதான் அடுத்ததைத் தொடணும். வரிசை மாறிச்சுன்னா எஞ்சின் குழம்பிடும்."

ஒன்று. பிளக்கை முதலில் விரலால் திருகி ஏற்றச் சொன்னாள், அப்புறம்தான் ஸ்பேனர். இரண்டு. நம்மாளின் நெற்றி வியர்வை பானெட்டில் சொட்டியது. அவள் பஞ்சால் ஒற்றிவிட்டாள். அடுத்தது நாலு.

"மூணை விட்டுட்டியே."

"உங்க ராசியான நம்பராச்சே. கடைசியா வச்சிருக்கேன்."

நாலாவதும் முடிந்தது. மூன்றாவது ஒயரை அவள் தொட்டதுமே அது கையோடு வந்தது.

"அடடே. இது கழண்டுல்ல கிடக்கு."

"ரோடு குலுக்கல்ல கழண்டிருக்கும்" என்றார் நம்மாள்.

"இருக்கும், இருக்கும். ஷெட்டுக்குள்ள எந்த ரோடோ."

அவர் பாட்டரியின் மேல் ஏதோ தூசி இருப்பதுபோல் ஊதிக்கொண்டிருந்தார். மூன்றாவது பிளக்கையும் மாற்றி, பாட்டரி ஒயர்களை மாட்டி முடித்தும் அவள் பானெட்டை மூடவிடவில்லை. ஸ்பேனர் மூன்று, ஸ்க்ரூடிரைவர் ஒன்று, துணி நாலு என்று எண்ணினாள். துணியில் ஒன்று குறைந்தது. தேடினார்கள். அது நம்மாளின் தோளிலேயே இருந்தது.

சாவியைத் திருகினாள். வண்டியில் நடுக்கமே இல்லை. தடவிக்கொடுத்த பூனை மாதிரி உறுமியது. நம்மாளுக்கு ஒரு நிமிஷம் ஃபைனல்கூட மறந்துபோயிற்று. இந்தக் கையால் செய்ததா என்று கறுத்துப்போன தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா வேலை செஞ்சிருக்கீங்க" என்றாள் வீட்டம்மா. சொன்னது மனசார.

"டெஸ்ட் டிரைவ் பாக்கணுமே. ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன்."

"நானும் அதான் நினைச்சேன். ஏறுங்க" என்று அவள் டிரைவர் சீட்டிலிருந்து நகராமலே இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டாள். வீட்டைப் பூட்டியிருந்தாள். அவருடைய சலவைச் சட்டை பின் சீட்டில் மடித்து வைத்திருந்தது.

காரில் இருந்த கடிகாரம் பதினொன்று பத்து காட்டியது. ஹால் இருக்கும் தெருவுக்குள் வண்டி திரும்பியது. இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. தாகம் என்று சொல்லி இறங்கிவிடலாம். தலைசுற்றல் என்று சொல்லியும் இறங்கலாம். நம்மாள் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

ஹால் பூட்டியிருந்தது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வீட்டம்மா அதற்கு நேராக வண்டியை நிறுத்தினாள். 'காரம் இறுதிப்போட்டி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது.' கீழே செக்ரட்டரியின் கையெழுத்து. தேதி புதன்கிழமை.

நம்மாள் இரண்டு தடவை படித்தார். அவள் கைப்பையைத் திறந்தாள். "வாட்ச் ஒண்ணு. மோதிரம் ஒண்ணு. போன் ஒண்ணு. கோட்டு பட்டன் ஒண்ணு. கணக்குச் சரியா?"

சரி என்று தலையாட்டினார்.

"மூணு வாரமா தூக்கத்துல கட்டில் விளிம்பைச் சுண்டிக்கிட்டே இருந்தீங்க. என்னன்னு விசாரிக்காம இருப்பேனா? நான்தான் புதன்கிழமை செக்ரட்டரிகிட்ட பேசி மாத்தி வச்சேன். உங்ககிட்ட நானே சொல்லிக்கறேன்னு சொல்லியிருந்தேன்."

நம்மாள் இதைக் கொஞ்சமும் எதிர்பார்க்கவே இல்லை. அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது, கையில் மட்டும் கிரீஸ் இல்லாமல் இருந்திருந்தால். "ஒரு வார்த்தை காலையிலயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"இன்னிக்குச் சொல்லி அசத்தலாம்னுதான் அஞ்சரைக்கு எழுந்து வந்தேன். சமையக்கட்டு ஜன்னல்ல பாத்தா, ஷெட்டோட பக்கக் கதவு தொறந்திருக்கு, நீங்க பானெட்டுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கறீங்க." அவள் கியரைப் போட்டாள். வண்டி அலுங்காமல் மச்சான் ஊர் ரோட்டைப் பிடித்தது. "எட்டு மாசமா கெஞ்சியும் நடக்காத சர்வீஸ் தானா ஆரம்பிக்குதே, குறுக்க பேசிக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."