குடும்பத்தோடு வருக

குடும்பம் என்றால் என்னவென்று தெரியாமலேயே மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகள் குடும்பம் நடத்திவந்தது. அந்தக் குறை ஒரு செவ்வாய்க்கிழமை, நகராட்சிக் கலைப் பிரிவின் கூட்ட அறையில், தேநீர் வருவதற்குள் நீங்கியது.

நீக்கியவர் எழுத்தர்.

கடற்கரையில் கோடைக் கலைவிழா. ஆட்டம், பாட்டு, பொம்மலாட்டம், சிறுவர் நாடகம். அனுமதி இலவசம். போன வருடம் இலவசம் என்றதும் மக்கள் வந்துவிட்டார்கள். அப்படியோர் அசம்பாவிதம் இம்முறை நடக்கக் கூடாது என்பதில் பிரிவு அதிகாரி உறுதியாக இருந்தார்.

"குடும்பமா வர்றவங்களுக்கு மட்டும்னு போட்டுடலாம்," என்றார். "குடும்பத்தை எதிர்த்து எவன் பேசுவான்?"

"குடும்பம்னா என்ன சார்?" என்றார் கணக்கர். அவர் மணமாகாதவர். நியாயமான சந்தேகம்.

 மின்விசிறி மட்டும் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. எழுத்தருக்கு வீட்டுக்குப் போகும் அவசரம்.

"ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு குழந்தை சார். மூணு பேரும் ஒண்ணா வந்தா குடும்பம். எங்க வீட்ல அப்படித்தான்."

அதிகாரி கண்ணை மூடித் திறந்தார்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல இவ்வளவு தெளிவா யாரும் பேசினதில்லய்யா."

தேநீர் வந்தபோது விதி பிறந்திருந்தது. எழுத்தர் "குடும்பச் சரிபார்ப்பு அலுவலர்" ஆகியிருந்தார். வாசல் ஒன்றே. கலைஞர், ரசிகர் எல்லோருக்கும் அதுதான் வழி. அங்கே அவர் நிற்க வேண்டும்.

வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னார்.

"அப்ப பாப்பா நாடகத்த யாரு பாக்குறது?" என்றாள் மனைவி.

பாப்பா இரண்டாம் வகுப்பு. நாடகத்தில் அவள் அலை. ஒரே வசனம்: "வந்துட்டேன்!" ஒத்திகையில் அது தொண்டையைத் தாண்டியதில்லை.

"நீ கை காட்டுப்பா. அப்பதான் எனக்குப் பேச்சு வரும்."

"காட்டுறேன்டா கண்ணு. நாடகம் கடைசிலதானே? வாசல அடைச்சதும் ஓடி வந்துர்றேன்."

விழா நாளில் சாலையிலிருந்து தண்ணீர் வரைக்கும் தகர வேலி போட்டிருந்தார்கள். மேடை கடலுக்கு முதுகு காட்டி நின்றது. பின்திரை கிடையாது. கடலே திரை என்று அதிகாரி சொல்லிவிட்டார். கற்பனையும் ஆயிற்று, துணியும் மிச்சம்.

முதலில் ஒரு வழுக்கைத்தலையர் தன் அம்மாவோடு வந்தார்.

"குழந்தை எங்க?" என்றார் எழுத்தர்.

"நான்தான்."

"சார், உங்களுக்கு முடியே இல்ல."

"பொறந்தப்பவும் இல்லப்பா," என்றாள் அம்மா. "இப்பவும் நான்தான் சட்டை எடுத்துக் குடுக்குறேன்."

எழுத்தர் இரக்கமற்றவர் அல்லர். குழந்தை என்று ஏற்றுக்கொண்டார்.

"அப்பா?"

"அவரு போய்ச் சேந்துட்டாரு."

"மன்னிச்சுக்கங்கம்மா. ரூல்ஸ் இடம் குடுக்கல."

"நீ என்னப்பா பண்ணுவ? எவனோ எழுதி வச்சத நீ சொல்ற."

அவளுடைய பெருந்தன்மை எழுத்தருக்கு எங்கோ உறுத்தியது.

பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்ட கிழத் தம்பதி திரும்பினார்கள். லீவு போட்டு வந்த இரண்டு நர்ஸுகள் திரும்பினார்கள். மூன்று பிள்ளைகளோடு வந்த தம்பதியிடம், "ஒண்ணைத் தேர்ந்தெடுங்க," என்றார் எழுத்தர். அவர்கள் அவரைப் பார்த்த பார்வையைத் தாங்க அரசு ஊழியராக இருந்தால்தான் முடியும்.

பிறகு மக்களே ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்கள். உபரிப் பிள்ளைகள், பிள்ளை இல்லாதவர்களுக்கு இரவல் போயின. தனி ஆள் என்று விரட்டப்பட்ட பலூன்காரர், ஒரு பலூன் வாங்குகிறவர்களுக்கெல்லாம் அப்பாவாக உள்ளே போய்வந்தார். ஒருவர் எத்தனை முறை அப்பாவாகலாம் என்பது பற்றி விதி எதுவும் சொல்லவில்லை.

வழுக்கைத்தலையரின் அம்மாவிடமும் பலூன்காரர் கேட்டார்.

"உன்னையப் போயி என் வீட்டுக்காரர்னு சொல்றதா? தள்ளிப் போடா," என்றாள் அவள்.

வெயில் தாழ்ந்தபோது எழுத்தரின் மனைவி, நீலப் பாவாடை அலையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்நேரம் பார்த்து அதிகாரி வாசலில் நின்றார்.

எழுத்தர் தொண்டையைச் செருமினார்.

"குடும்பத் தலைவர் எங்கே?"

"என் எதிர்ல நிக்கிறாரு. காலைல சாப்பிடாம வந்துட்டாரு."

"அவர் டூட்டில இருக்காரும்மா," என்றார் அதிகாரி. "டூட்டில இருக்கறவர் எப்படிக் குடும்பத்துல இருக்க முடியும்? விதி எழுதினவரே மீறினா ஊர் சிரிக்காதா?"

எழுத்தர் தரையைப் பார்த்தார். "வேற யாரையாவது…" என்றார்.

மனைவி அவரைப் பார்த்தாள். வீட்டில் அந்தப் பார்வைக்குப் பிறகு இரண்டு நாள் சாப்பாடு மௌனமாக வரும். அவள் திரும்பினாள்.

"அண்ணே, கொஞ்சம் வர்றீங்களா?"

"வாங்க தங்கச்சி," என்றார் பலூன்காரர். "பாப்பா என்னைய அப்பான்னு கூப்பிடணும். இல்லாட்டி சந்தேகம் வந்துரும்."

"கூப்பிடும்மா," என்றார் எழுத்தர்.

"யாரப்பா?" என்றாள் மகள்.

சரிபார்ப்பில் குறை ஏதும் காணப்படவில்லை. மூவரும் உள்ளே போனார்கள்.

நாடகம் தொடங்கும் நேரத்தில் வாசல் அடைபட்டது. எழுத்தர் சட்டையில் குத்தியிருந்த அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடப் பார்த்தார். காவலாளி குறுக்கே தடியை நீட்டினார்.

"தனி ஆளுக்கு அனுமதி இல்ல சார்."

"யோவ், நான்தான்யா எழுத்தர்!"

"அட்டைய எடுத்துட்டீங்களே சார். இப்ப தனி ஆள்தானே?"

"எங்குடும்பம் உள்ள இருக்கு!"

"உள்ள போனதெல்லாம் முழுக் குடும்பம் சார். நீங்கதானே பாத்து அனுப்பினீங்க? எதுலயும் ஆள் குறையல."

வாதத்தில் ஓட்டையே இல்லை. எழுத்தர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேலி ஓரமாகக் கடலை நோக்கி ஓடினார்.

வேலி முடிந்த இடத்தில், முழங்கால் தண்ணீரில், ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. கிழத் தம்பதி, நர்ஸுகள், வழுக்கைத்தலையர், அவர் அம்மா. விதி கழித்துக்கட்டியவர்கள் எல்லோரும் மேடையின் முதுகைப் பார்த்து நாடகம் ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாப்பா," என்று அம்மா இடம் விட்டாள். "உன்னையும் தள்ளிட்டானுங்களா?"

மேடையில் அலையின் முறை வந்தது. நீலப் பாவாடை நடுவில் போய் நின்றது. பேச்சு வரவில்லை. முன்வரிசையில் பலூன்காரர் நல்ல மனதோடு ஒரு பலூனைத் தூக்கி ஆட்டினார். வரவில்லை. கூட்டம் நெளிந்தது. பாவாடையின் முடிச்சைச் சின்ன விரல்கள் திருகிக்கொண்டிருப்பது பின்னாலிருந்து தெரிந்தது.

"கண்ணு!"

எழுத்தர் கையைத் தூக்கி ஆட்டினார். மகள் திரும்பினாள். தண்ணீரில் அப்பாவைக் கண்டாள்.

"வந்துட்டேன்!"

ரசிகர்களுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து, வேலிக்கு வெளியே கேட்கும்படி அலை கத்தியது. தண்ணீரில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அதிகாரி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"புதுமை! முழுக்கப் புதுமை! இந்தக் குழந்தையையும் அதன் பெற்றோரையும் விழாவின் 'இலட்சியக் குடும்பமாக' அறிவிக்கிறேன்!"

மனைவி, மகள், பலூன்காரர் மேடையில் நின்றார்கள். சால்வை பலூன்காரருக்கு.

"பலூன்காரனுக்கு இவ்வளவு அழகான குடும்பமா!" என்றாள் வழுக்கைத்தலையரின் அம்மா.  எழுத்தரின் கை இன்னும் மகளைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது.

"இப்படிப்பட்ட குடும்பங்களை மட்டுமே இங்கே கூட்டிய அந்த அருமையான விதியைத் தந்தவர், வாசலில் நின்று உங்களை வரவேற்ற நம் எழுத்தர்! எங்கே இருந்தாலும் அவர் கையைத் தூக்க வேண்டும்!"

எழுத்தரின் கை ஏற்கெனவே மேலேதான் இருந்தது. இறக்கத் தோன்றவில்லை.

தண்ணீரில் நின்ற தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அம்மா அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"தம்பி."

"அம்மா?"

"இன்னும் கொஞ்சம் ஆழமா போய் நில்லு. இது குடும்பம் நிக்கிற இடம்."