பன்னிரண்டாவது படம்

எழுபதுகளில் புதுச்சேரியில் பாதிப் பேர் தங்கள் கல்யாணப் படத்தைப் பிள்ளையின் காதுகுத்துக்குத்தான் பார்த்தார்கள். அதற்கு முழுப்பொறுப்பு ஒரே மனிதர்: குருசுக்குப்பத்துப் போட்டோக்காரர் அவியோன் முசியே. பிரெஞ்சில் அவியோன் என்றால் விமானம், முசியே என்றால் ஐயா. அவருடைய சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

அவர் கேமராவில் ஒரு பிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படம். பதினொன்றை ஊருக்கு எடுப்பார். பன்னிரண்டாவது விமானத்துக்கு. நம் ஊர்க் கூரைகளுக்கு மேலே விமானம் தாழப் பறக்க வேண்டும். கூரையும் அதுவும் ஒரே படத்தில் விழ வேண்டும். அதுவரை சுருளைக் கழுவ மாட்டார். மாசக்கணக்கில் பொறுத்த மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்தால்தான் பன்னிரண்டாவதை வெறும் வானத்தைப் பார்த்து அமுக்குவார். அப்படிச் சேர்ந்த வெறும் வானம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தது.

ஞாயிறு தவறாமல் சைக்கிளில் லாசுப்பேட்டை விமான மைதானத்துக்குப் போவார். அங்கே மாடு மேயும். திரும்பும்போது கருவடிக்குப்பத்தில் எந்த மொட்டை மாடி உயரமோ அதில் ஏறிவிடுவார், கேட்காமலே. துணி காயப்போட வந்த பெண்கள் அலறியதுண்டு.

"மேலேர்ந்து பாத்தா பாண்டி என்னா, பாரீஸ் என்னா, எல்லாம் கூரைதான் தம்பி" என்பார். பாரீசுக்குப் போனவர்களில் பாதிப் பேருக்கு பாஸ்போர்ட் படம் எடுத்தவர் அவர். அவர் மட்டும் திண்டிவனத்தைத் தாண்டியதில்லை.

என் அப்பாவுக்கு மில்லில் வேலை போயிருந்த சமயம். நான் ஒரு வேலைக்கு மனு எழுதி வைத்திருந்தேன். நான் அவர் கடைக்குப் போய் நின்ற அன்று சாயங்காலம்தான் படத்தை ஒட்டிக் கொடுக்கக் கடைசி. என் முகமோ இரண்டு வாரமாக அவர் கேமராவுக்குள் கிடந்தது.

"முசியே, இது போச்சுன்னா எங்க வூட்ல அடுப்பு எரியாது."

"ரெண்டு நாள் பொறு தம்பி. வானம் சுத்தமா இருக்குது."

"ப்ளேன் வராது முசியே! இந்த ஊருக்கு அது எதுக்கு வரணும்?"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் கேமராவை எடுத்தார். வாசலுக்கு வந்து வெறும் வானத்தை ஒரு தடவை அமுக்கினார். இருட்டறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. குருசுக்குப்பமே தெருவுக்கு ஓடியது. ஒரு சின்ன விமானம், தென்னை மட்டையை உரசுகிற மாதிரி வந்து ஊரை வட்டம் போட்டது. நான் இருட்டறைக் கதவை இடித்தேன்.

"முசியே, வந்துடுச்சு! வெளிய வாங்க!"

"சத்தம் கேக்குது" என்றார் உள்ளேயிருந்து.

"போயிடப் போவுது!"

"கதவத் தொறந்தா வெளிச்சம் பட்டுரும். உன் மூஞ்சி மருந்துத் தட்டுல கெடக்குது."

அதற்குப் பிறகு நான் கதவைத் தட்டவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. விமானம் இரண்டாவது வட்டமும் போட்டுவிட்டுப் பிள்ளைச்சாவடிப் பக்கம் போய் மறைந்தது.

வெகுநேரம் கழித்து ஈரப் பிலிமோடு வெளியே வந்தார்.

"எந்தப் பக்கம் போச்சு?"

வடக்கே கை காட்டினேன். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிலிமை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து, "நல்லா விழுந்திருக்க தம்பி" என்றார்.

வேலை கிடைத்தது. அவர் உயிரோடு இருந்தவரை நம் கூரைகளுக்கு மேலே இன்னொரு விமானம் தாழப் பறக்கவில்லை. அப்புறம் எத்தனையோ பேர் என்னைப் படம் எடுத்திருக்கிறார்கள். என்னை அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.