பூனையைத் திரும்ப அழைத்துக்கொள்வது தொடர்பாக

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். புது வேலையும் புது வீடும் உங்கள் இருவருக்கும் நல்லபடியாக அமைய வேண்டும். சாமான்களை இறக்கி முடிக்கும்வரை இருக்கட்டும் என்று நீங்கள் விட்டுப்போன பூனையும் சுகம். அதன் சுகத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அதை அழைத்துப் போய்விடவும்.

காரணம், அது என்னைப் பார்த்துச் சீறுகிறது. உங்கள் அத்தையின் மடியில் படுக்கிறது, மின்மீட்டர் பார்க்க வந்தவரின் காலைச் சுற்றிச் சுற்றி வருகிறது, அந்த மனிதர் அதற்கு என்ன செய்துவிட்டார் என்று தெரியவில்லை, மீனில் முள் எடுத்து வைக்கிறவன் நான், என் தலையைக் கண்டதும் கட்டிலுக்கடியில் போய்க் காதை மடக்கிக்கொண்டு ‘ஸ்ஸ்ஸ்’ என்கிறது. என் சொந்தக் கட்டில். மனசு விட்டுப்போயிற்று. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்த காலத்தில் டிக்கெட் இல்லாதவன்கூட என்னைப் பார்த்துச் சீறியதில்லை.

கால்நடை மருத்துவரிடம் போய், கோபமா திமிரா என்று கேட்டேன். “ரெண்டும் இல்ல சார், பயம். கிட்ட வராதே, சண்டை வேண்டாம்னு முன்னாடியே சொல்லுது. நீங்க எப்படி அதுகிட்ட போவீங்க, செஞ்சு காட்டுங்க” என்றார். கதவை மறித்து நின்று, சற்றுக் குனிந்து, கண்ணை எடுக்காமல் பார்த்தேன். நாயோடு காத்திருந்த ஒருவர் சட்டைப்பையைத் தடவ ஆரம்பித்துவிட்டார். “ஓடறதுக்கு வழியே விடலையே சார். தள்ளி, வேற பக்கம் திரும்பி உட்காருங்க. முறைக்காதீங்க” என்றார் மருத்துவர். நான் முறைக்கவில்லை மாப்பிள்ளை, என் முகமே அதுதான். வீட்டில் சொன்னால், “கல்யாணமான புதுசுல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நான் சீறல, அவ்வளவுதான்” என்கிறாள் உங்கள் அத்தை.

சுவரைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்தும் பார்த்தாச்சு. முட்டி பிடிச்சுக்கிட்டதுதான் மிச்சம், எந்திரிக்க அத்தை கை குடுக்க வந்தா, அவகிட்ட வாலைத் தூக்கிட்டு வருது, எனக்குத் திரும்பவும் ‘ஸ்ஸ்ஸ்’. இது ஒத்துவராது. கூடையோடு வரவும்.

இருவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை வந்தாலும் சாப்பாட்டுக்கு முன் சமாதானமாகி, நீண்டநாள் வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: இதையும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் எழுதினேன். கையெழுத்துப் போடும்போது அது வந்து என் தொடையில் படுத்துவிட்டது. கடிதத்தைக் கிழித்து வேறு எழுதலாம். தாள் மேசைமேல் இருக்கிறது, எழுந்தால் அது விழித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வந்தே தீருவதானால் கூடை வேண்டாம், கதவை மறித்து நிற்கவும் வேண்டாம். நின்றால், சீறுவது பூனையாக இருக்காது.