பதினைந்தாவது ஆளும் பதினாறு விசிலும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நானும் வீட்டில் எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் என் தங்கையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். முக்கியமாக உங்கள் வலது முழங்கால் சுகமாக இருக்க வேண்டும். முழங்காலை மட்டும் தனியாக விசாரிப்பதன் காரணம் போகப்போகத் தெரியும்.

முப்பத்தோரு வருடம் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ரக்பியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பந்து முட்டை மாதிரி இருக்கும் என்பதுதான். போன வருடம் அது நம் கொல்லையில் வந்து விழுந்தது. நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று பந்தும் கையுமாக மைதானத்துக்குப் போனேன். அன்று அங்கே ரக்பி கிளப்பின் ஆண்டுக் கூட்டம். "பந்தைப் பத்திரமா கொண்டு வந்திருக்காரே, பொறுப்பான மனுஷன்" என்றார் கசாப்புக்கடைக்காரர். எட்டுக் கைகள் உயர்ந்தன. திரும்பும்போது நான் செயலாளர். "பந்தைக் குடுத்துட்டு கிளப்பை வாங்கிட்டு வந்தீங்களா?" என்று வீட்டில் கேட்டாள்.

நீங்கள் ரக்பி சம்மேளனத்தின் பதினோரு துணைத்தலைவர்களில் ஒருவர் என்பதால் கோபித்துக்கொள்ளக் கூடாது. பந்து நைந்துவிட்டது, புதிது வேண்டும் என்று உங்கள் ஆபீசுக்கு மூன்று முறை எழுதினேன். பெட்டி வந்தது. பிரித்தால் பதினாறு விசில். கிளப்பில் இருப்பதோ எட்டுப் பேர். ஆளுக்கு இரண்டு விசில் வைத்துக்கொண்டு பந்துக்கு ஒட்டுப்போட்டு ஆடுகிறோம். அடுத்தாற்போல் சுற்றறிக்கை வந்தது: தொடர்ந்து மூன்று ஞாயிறு பதினைந்து பேரை இறக்காத கிளப்பின் பெயர் நீக்கப்படும், அதன் மைதானம் சம்மேளனத்தின் கார்கள் நிறுத்தும் இடமாகும்.

முதல் ஞாயிறு உங்கள் ஆபீஸ் அனுப்பிய அட்டவணைப்படி போனோம். அது போன வருடத்து அட்டவணை. அந்த மைதானத்தில் நாய்க் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. நம் ஆட்டக்காரரான பல் டாக்டரை ஒரு நாய் கடித்தது. அவர் காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்ல வரிசை" என்றார். ஒரு ஞாயிறு போயிற்று.

இரண்டாவது ஞாயிறு பாலத்துக்கு அந்தப் பக்கத்து கிளப்புடன் ஆட்டம். அதன் செயலாளர் பேக்கரிக்காரர். நம்மிடம் எட்டுப் பேர், அவரிடம் ஒன்பது பேர். போனிலேயே பேசி முடித்தோம்: அவர் எனக்கு ஏழு பேரைக் கடன் தருவது, நான் அவருக்கு ஆறு பேரைத் தருவது. இருவருக்கும் ஒரே சந்தோஷம். ஞாயிறு காலை சட்டை மாற்றி நிறுத்திவிட்டு எண்ணினால் நம் பக்கம் ஒன்பது, அவர் பக்கம் எட்டு. பேக்கரிக்காரர் மறுபடி எண்ணினார். "கணக்கு எங்கேயோ இடிக்குதே சார்" என்றார். எங்கே இடிக்கிறது என்று நாங்கள் இருவரும் யோசித்து முடிப்பதற்குள் சம்மேளனப் பார்வையாளர் காரை விட்டு இறங்காமலே "ஆள் பற்றாக்குறை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். சும்மா ஆடித்தான் பார்த்தோம். எதிரணிச் சட்டையில் இருந்த நம் கசாப்புக்கடைக்காரர் பழக்க தோஷத்தில் நமக்கே பாயிண்ட் எடுத்துக் கொடுத்தார்.

வருகிற ஞாயிறு மூன்றாவது. பழைய மீட்டர் தெருக்களிலேயே நடையாய் நடந்தேன். அந்தக் காலத்தில் 'மீட்டர்' என்றால் கதவு திறக்கும். இப்போது 'ரக்பி' என்றதும் சாத்துகிறார்கள். எப்படியோ பூட்டு ரிப்பேர்காரர், வங்கிக் காவலாளி, லாரி ஓட்டும் அண்ணன் தம்பி நாலு பேர் என்று ஆறு பேரைப் பிடித்துவிட்டேன். ஆகப் பதினாலு. ஒரு ஆள் குறைகிறது.

மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வேலையை விட்டபின் என்னை யாரும் எங்கேயும் எதிர்பார்த்ததில்லை. இப்போது மைதானத்தின் கேட் சாவி என்னிடம் இருக்கிறது. செவ்வாய், வியாழன் மாலைகளில் நான் போய்த் திறக்கும்வரை எட்டுப் பேர் வெளியே நிற்கிறார்கள். தூரத்தில் என் சைக்கிளைப் பார்த்ததும் "வந்துட்டாரு" என்கிறார்கள். இது போய்விட்டால் எனக்கு மறுபடி நாளெல்லாம் ஞாயிறுதான்.

கிளப் அறையில், நீங்கள் இங்கே ஆடிய காலத்துப் போட்டோ இன்னும் மாட்டியிருக்கிறது. இருபத்திரண்டு வயது, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள், பின்னால் மூன்று பேர் தரையில் கிடக்கிறார்கள். அந்த ஆளை ஒரே ஒரு ஞாயிறு அனுப்பி வையுங்கள். ஓட வேண்டாம். சட்டை போட்டுக்கொண்டு நின்றால் போதும்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் முழங்காலுக்குத் தனியாக.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
கௌரவச் செயலாளர்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சம்மேளனத்தின் கடிதம் வந்தது. நம் கிளப்பை நீக்கிவிட்டார்களாம். தேதியைப் பார்த்தேன்: டாக்டரை நாய் கடிப்பதற்கு ஒரு வாரம் முன்பே. கீழே கையெழுத்து உங்களுடையது. எங்கே போட வேண்டும் என்று பார்த்திருப்பீர்கள், எதற்கு என்று பார்த்திருக்க மாட்டீர்கள்.

மைதானத்தில் வாசித்துக் காட்டினேன். கசாப்புக்கடைக்காரர், "அப்போ பதினஞ்சு பேர் எங்கேன்னு நம்மள இனிமே யாரும் கேக்க முடியாதில்ல?" என்றார். பேக்கரிக்காரருக்குப் போன் செய்தேன்; அவருக்கும் அதே கடிதம், அதே கையெழுத்து. ஆகையால் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வருகிறவர்களை இரண்டாகப் பிரித்து ஆடுகிறோம். நடுவர் நான். விசிலுக்குப் பஞ்சமில்லை.

நீங்கள் வர வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. அந்தக் கடிதத்தில் கேட் சாவியைத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள், அனுப்ப மாட்டேன். வேண்டுமென்றால் ஞாயிறு நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கிளப் அறையில் கிடந்த உங்கள் பழைய பூட்ஸைத் துடைத்து வைத்திருக்கிறேன்.